ரத்னாபாயின் காலைச் செய்தி

உலகம்மாள் ஆரியசாலையை விட்டுப் போனது ஆற்றுகால் பொங்காலை முடிந்த மறுநாள், ஒரு வெள்ளிக்கிழமை. பெண்கள் அம்மனுக்குப் பொங்கலிடத் தெருவோரம் வைத்த அடுப்புக் கற்களை மாநகராட்சி லாரி அதற்குள் அள்ளிக்கொண்டு போயிருந்தது. கல் இருந்த இடங்களில் கரிவட்டங்கள் மட்டும் மிச்சம். அவற்றின் மேலேயே ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. இட்லிக் கொப்பரை, கிரைண்டர், பெஞ்சுகள், சாக்கில் கட்டிய பாத்திரங்கள் என்று ஒவ்வொன்றாக ஏறின. ஏற்றியவர்கள் எங்கிருந்தோ கூலிக்கு வந்த வங்காளத்து ஆட்கள்.

எதிர்ச்சாரியில் மூட்டை சுமக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் நீலச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்கள். மற்ற நாளாயிருந்தால் அவர்கள் தெருவில் வெளியாள் ஒருவன் ஒரு பெட்டியைத் தொட்டிருக்க முடியாது. ஏற்றினாலும் கூலி, ஏற்றுவதைப் பார்த்து நின்றாலும் கூலி என்று வரிந்துகட்டி வருகிறவர்கள். அன்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. உலகம்மாள் மெஸ்ஸின் சோற்றில் வளர்ந்த உடம்புகள் அவை. எந்த முகத்தோடு போய்க் கூலி கேட்பது?

லிங்கம் முதலாளியின் மிளகாய் மண்டியில், பில் போடும் மேசைக்குப் பின்னால் ரத்னாபாய் குனிந்து உட்கார்ந்திருந்தாள். வெட்டிய பில்லையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகம்மாள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி தெருவைக் கடந்து வந்து படியில் நின்றாள்.

"யக்கா, போயிட்டு வாரேன்."

"எங்க பிள்ளே போற?"

"பொன்முடிக்கு. எந் தங்கச்சி எஸ்டேட்டுலதான கெடக்கா. அங்கன ஒரு சாயாக்கட போட எடம் இருக்காம். வாட்ஸ்அப் குரூப்ப விட்டுப் போவல, என்னா? காலையில ஒங்க சத்தத்தக் கேட்டுக்கிடுவேன்."

ரத்னாபாய் தலையை ஆட்டினாள். கண் கலங்கியது. மிளகாய் நெடி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த மண்டியில் அத்தனை வருஷம் இருந்தவளுக்கு ஏறாத நெடி அன்று மட்டும் எப்படி ஏறும்?

உலகம்மாள் வண்டியில் முன்னால் ஏறிக்கொண்டாள். வண்டி கிள்ளிப்பாலம் பக்கம் திரும்பி மறைந்தது. அவள் போவதற்குக் காரணம் யார் என்று அந்தத் தெருவில் கேட்டிருந்தால் பத்திரிகைக்காரன் என்றுதான் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். அப்படி இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ரத்னாபாய். இன்னொருவர் அவள் புருஷன் அருமைநாயகம்.

ரத்னாபாய் பாறசாலைக்காரி. வீட்டில் தமிழ், சபையில் தமிழ், பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை மலையாளம். எல்லைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது புதிதில்லை. கல்யாணமாகி ஆரியசாலைக்கு வந்த பிறகுதான் அதற்கு ஒரு மதிப்பு உண்டென்று அவளுக்குத் தெரிந்தது. அந்தத் தெருவின் தமிழாட்கள் சங்கரன்கோவிலிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். மலையாளத்தில் விலை பேசுவார்கள், சண்டை பிடிப்பார்கள், கெட்ட வார்த்தைகூடச் சரளமாக வரும். எழுத்து மட்டும் அவர்களுக்கு ஜிலேபிதான். கண்ணெதிரே ஒட்டியிருக்கும் நோட்டீஸில் என்ன இருக்கிறதென்று தெரியாது. தண்ணீர் வராது என்றிருக்கும். அதன் கீழேயே காலிக் குடத்தோடு நின்றுகொண்டிருப்பார்கள்.

"யக்கா, இதுல என்ன போட்டிருக்கான்?" என்று அவளிடம் வருவார்கள். அவள் வாசித்துச் சொல்வாள்.

ஊரடங்கு நாட்களில் மண்டி மூடிக் கிடந்தபோது அவளுக்குப் பொழுது போகவில்லை. நகரத்து மலையாளப் பத்திரிகை ஒன்றின் இணையப் பக்கத்தைப் போனில் தடவிக்கொண்டிருந்தவள், ஆகக் கீழே, யாரும் போகாத இடத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் குறியைக் கண்டாள். அழுத்திப் பார்த்தாள். நகரம், வானிலை, அறிவிப்புகள், சரமம் என்று பகுதிக்கு ஒன்றாகச் செய்தியோடைகள் இருந்தன. ஓடை என்றதும் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வேண்டிய பகுதியைப் போனில் அதற்கென்றுள்ள செயலியில் ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும். அந்தப் பகுதியில் பத்திரிகைக்காரன் புதிதாக எதைப் போட்டாலும் தலைப்பும் அதன் கீழ் ஒரு பத்தியும் தாமாக வந்து வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். படம் கிடையாது, நகைக்கடை விளம்பரம் குறுக்கே பாயாது. இவள் தேடிப் போக வேண்டாம், செய்தி இவளைத் தேடி வரும்.

அறிவிப்புகளையும் வானிலையையும் சேர்த்தாள். நகரத்தைச் சேர்த்தாள். சரமத்தை எல்லாவற்றுக்கும் முதலில் சேர்த்தாள். சரமம் என்றால் இறப்புச் செய்தி. அதைப் பார்க்காமல் வேறு பக்கம் புரட்டுகிற ஆள் அந்த ஊரில் கிடையாது.

பிறகு ஒருநாள், தெருவின் தமிழாட்களுக்கென்று இருந்த வாட்ஸ்அப் குழுவில், வந்த செய்திகளைத் தமிழில் சொல்லிக் குரலாக அனுப்பினாள். மறுநாளும் அனுப்பச் சொன்னார்கள். அப்படியே வழக்கமாகிவிட்டது. காலை ஆறரைக்கு, சாயா அடுப்பில் இருக்கும்போது, "எல்லாருக்கும் காலை வணக்கம், ரத்னாபாய் பேசுறேன்" என்று தொடங்குவாள். எங்கே குழாய் உடைந்தது, எந்த ரோடு அடைப்பு, யார் இறந்தார்கள், இன்று ஹர்த்தால் உண்டா இல்லையா எல்லாம் வரும். தெரு அதைக் கேட்டுவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்கும்.

"ஆகாசவாணி. வார்த்தகள் வாயிக்குந்நது ரத்னாபாய்," என்று மலையாள ரேடியோக்காரனின் குரலில் அருமைநாயகம் கட்டிலிலிருந்தே தொடங்குவார். தம்பானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருப்பவர். வருகிற ஆட்களின் பேச்சையெல்லாம் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் நடித்துக் காட்டுவார்.

"சிரிங்க, சிரிங்க. லிங்கம் முதலாளி எங்கிட்ட கேக்காம லோடு இறக்க மாட்டாரு, தெரியுமா?"

"அறியாம் எடி. நாட்டுல முக்கியமந்திரி ஒண்ணு, ஆரியசாலைல நீ ஒண்ணு."

அவளுக்கு அது பிடித்திருந்தது. பில் போடுகிற ரத்னாபாய் தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. செய்தி வாசிக்கிற ரத்னாபாய்க்கு மூட்டை சுமந்து போகிறவன்கூட ஒதுங்கி வழிவிட்டான்.

ஒரே ஒருமுறை சறுக்கியது. ஹர்த்தால் என்று வாசித்தாள், கடைசியில் ஹர்த்தால் இல்லை. முந்தின நாள் சாயங்காலம் அறிவித்தவர்களே பிறகு கைவிட்டிருந்தார்கள். பத்திரிகையும் அந்தச் செய்தியை மாற்றி எழுதியிருந்தது. ஆனால் ஓடை வழியாக அவள் போனுக்கு முதலில் வந்து உட்கார்ந்த பிரதி அப்படியே இருந்தது. அவளுடைய செயலியில் அதுதான் ஏற்பாடு. வந்தது வந்தபடி கிடக்கும். பத்திரிகைக்காரன் தன் பக்கத்தில் எதைத் திருத்தினாலும் அழித்தாலும் இங்கே தெரியாது. தலைப்பை அழுத்தி முழுப்பக்கத்துக்குப் போனால்தான் தெரியும்.

சுமட்டுக்கார வன்னியராஜ் அன்று குழுவில் எழுதினான்: "அக்கா நியூஸை நம்பி வீட்டுல படுத்துட்டேன். ஹர்த்தால் எனக்கு மட்டும்தான் போல." அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ரத்னாபாய்க்கு முகமெல்லாம் எரிந்தது. "பத்திரிகையில வந்ததைத்தான் நான் வாசிக்கேன். சொந்தமா ஒண்ணும் உண்டாக்கல்லே," என்று பதில் போட்டாள். போட்டபிறகும் ஆறவில்லை. பல நாள் அந்தப் பொம்மைகளைத் திறந்து திறந்து பார்த்தாள். யார் யார் சிரித்தது என்று அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. இனி ஒருமுறை அப்படி நடக்கவிடக் கூடாது என்று நினைத்தாள். தலைப்பை அழுத்தி முழுப்பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று மட்டும் நினைக்கவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போன கடைக்காரர்கள் திரும்பி வந்த வாரத்தில், மாநகராட்சி சுகாதாரப் பிரிவு ஆட்கள் அந்தப் பக்கத்து ஓட்டல்களில் சோதனைக்கு வந்தார்கள். உலகம்மாள் மெஸ்ஸுக்கும் வந்தார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்தார்கள், சாம்பாரை மோந்து பார்த்தார்கள், தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். சாயா குடிச்சிட்டுப் போங்க சாரே என்று உலகம்மாள் கூப்பிட்டதற்கு, வேண்டா சேச்சி என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் காலை ரத்னாபாயின் போனில் அந்தச் செய்தி இருந்தது. ஓட்டல்களில் சோதனை, கெட்டுப்போன உணவு பிடிபட்டது என்று தலைப்பு. கீழே பிடிபட்ட கடைகள் என்று பெயர்கள். கடைசிப் பெயர் உலகம்மாள் மெஸ், ஆரியசாலை.

அவள் விரல் ஒரு கணம் தலைப்பின் மேல் நின்றது. முந்தின நாள் மத்தியானம்கூட அந்த மெஸ்ஸிலிருந்துதான் அவளுக்குச் சோற்றுப் பொதி வந்தது. அவியல் நன்றாகவே இருந்தது. ஆனால் அழுத்தினால் முழுப்பக்கம் திறக்க நேரமாகும், விளம்பரம் துள்ளும். ஆறரை தாண்டிக்கொண்டிருந்தது. யாரோ ஏற்கெனவே, "அக்கா, இன்னைக்கு நியூஸ் இல்லியா?" என்று கேட்டிருந்தார்கள்.

வாசித்துவிட்டாள். வாசித்து முடித்ததும் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தாள்: "நம்ம தெருப் பேரு வந்ததுல கேக்கவே வெசனமா இருக்கு. எல்லாரும் பாத்துச் சாப்பிடுங்க மக்களே."

பத்திரிகையில் இல்லாத வரி அது ஒன்றுதான்.

மத்தியானம் மெஸ்ஸின் பெஞ்சுகளில் ஆளில்லை. லிங்கம் முதலாளி தன் கடை ஆட்களுக்கு வரும் பொதிகளை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் உலகம்மாளே மண்டிக்கு வந்தாள். கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் வந்திருந்தாள்.

"யக்கா, எம் பேர வாசிச்சீங்களாமே?"

"பேப்பர்ல போட்டிருக்கு பிள்ளே."

"எங்கிட்ட ஒண்ணும் பிடிக்கலியே. தொறந்தாவ, பாத்தாவ, போனாவ. எடுத்துட்டுப் போவ ஒரு சட்டினிகூட மிச்சமில்லியே அன்னைக்கு!"

"நான் என்ன செய்ய? உள்ளதைத்தான வாசிக்கேன்." ரத்னாபாய் போனை எடுத்துக் காட்டினாள்.

உலகம்மாள் அந்தச் சின்னத் திரையை வெகுநேரம் பார்த்தாள். தெரியாத எழுத்தை உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பதுபோலப் பார்த்தாள்.

"இதுல எது யக்கா எம் பேரு?"

ரத்னாபாய் விரலால் தொட்டுக் காட்டினாள். உலகம்மாளும் தன் விரலால் அதை ஒருமுறை தொட்டாள். பிறகு மெஸ்ஸுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

மூன்று மணிவாக்கில் லாட்ஜிலிருந்து அருமைநாயகம் கூப்பிட்டார். ரிசப்ஷனில் அச்சுப் பத்திரிகை வரும். மத்தியானத் தூக்கம் வராமலிருக்க அவர் அதை வரி விடாமல் வாசிப்பார்.

"எடி, காலைல நீ மெஸ் காரியம் வாசிச்சியே, அதுல உலகம்மாக்க பேரு உண்டுன்னு ஆரு சொன்னா?"

"போன்ல வந்த ஃபீடுல உண்டு."

"பேப்பர்ல இல்லியே. சோதிச்சது ஒம்பது கட. பிடிச்சது நாலே நாலு கடைலயாக்கும். அவளுக்க பேரு அதுல இல்லே. நீ ஒண்ணு நல்லாப் பாரு."

ரத்னாபாய் அப்போதுதான் தலைப்பை அழுத்தினாள். நகைக்கடை வந்தது, போனது. பக்கம் திறந்தது. நான்கு பெயர்கள். உலகம்மாள் இல்லை. அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: சோதனை நடந்த எல்லாக் கடைகளின் பெயர்களும் பிடிபட்டவையாக முதலில் தவறுதலாக வெளியாகிவிட்டன, வருந்துகிறோம். திருத்தியது முந்தின நாள் இரவே. ரத்னாபாய் எழுந்து பல் தேய்ப்பதற்கும் முன்னால்.

மண்டியின் பின்கட்டுக்குப் போனாள். மல்லி மூட்டைகளுக்கு நடுவே நின்று போனில் குரல் பொத்தானை அழுத்தினாள். "எல்லாருக்கும் வணக்கம், ரத்னாபாய் பேசுறேன். காலையில சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம்." அதோடு குரல் நின்றது. வன்னியராஜ் என்ன எழுதுவான் என்று அவளுக்குத் தெரியும். எந்த எந்தப் பொம்மை வரும் என்பதுகூடத் தெரியும். விரலை இழுத்து அழித்துவிட்டாள்.

நாளைக் காலைச் செய்தியோடு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் பெரிய குழாய் ஒன்று உடைந்து பாதி ஊருக்குத் தண்ணீர் இல்லை. அதற்கு நடுவில் இதைச் சொன்னால் எடுபடாது என்று தோன்றியது. அதற்கடுத்த நாள், இப்போது சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியது. நாள் ஏற ஏறச் சொல்லவேண்டியது கனத்துக்கொண்டே போனது. முதல் நாள் ஒரு வாக்கியமாக இருந்தது, மூன்றாம் நாள் ஒரு மூட்டையாகிவிட்டது.

ஐந்தாம் நாள் ஒருவழியாகச் சொன்னாள். வெள்ளையம்பலத்தில் ரோடு வேலை, நாகர்கோவில் பாசஞ்சர் தாமதம், இரண்டுக்கும் நடுவில், மூச்சு விடாமல்: "பின்னே அந்த மெஸ் செய்தியில பத்திரிகைக்காரங்க கொஞ்சம் மாற்றம் போட்டிருக்காங்க, எல்லாக் கடையும் இல்லே." யாருடைய பெயரையும் சொல்லவில்லை. தெரு பாசஞ்சர் தாமதத்தைத்தான் கேட்டது.

மெஸ் உடனே மூடவில்லை. உலகம்மாள் பிடிவாதக்காரி. தினமும் அடுப்பு மூட்டினாள். அரைப்பதைக் குறைத்தாள், பிறகு இன்னும் குறைத்தாள். பழைய ஆட்கள் அந்தப் பக்கம் வராமல் சுற்றுவழியில் வேறு ஓட்டலுக்குப் போனார்கள். பொங்காலை அன்று வழக்கம்போல மெஸ் வாசலில் மூன்று கல் வைத்துப் பாயசம் பொங்கினாள். பொங்கியதை வழக்கம்போல எல்லாக் கடைக்கும் இலைக்கீற்றில் வைத்துக் கொடுத்தாள். எல்லாரும் கை நீட்டி வாங்கினார்கள். சாயங்காலம் லிங்கம் முதலாளியின் கடைச் சுவரோரம் அந்த இலைகள் தொடாமல் வரிசையாக இருந்ததை ரத்னாபாய் பார்த்தாள். ஒன்றை எடுத்துத் தின்றாள். தின்னும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அப்படிப் பார்த்ததற்காக அன்று இரவு முழுக்கத் தன்னையே வெறுத்தாள்.

மறுநாள் குட்டியானை வந்தது.

அன்று ராச்சாப்பாட்டின்போது அருமைநாயகம் கேட்டார். "நான் அன்னைக்கே ஒனக்குப் போன் பண்ணுனேன். எதுக்கு நீ பறயல்லே?"

அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"நான் எல்லாருக்கும் சொல்லியிருக்கலாம். நீ சொல்லுவேன்னு வெச்சிருந்தேன். எனக்கும் தப்பு உண்டு, கேட்டியா," என்றார். அதன்பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை. ஆகாசவாணிக் கிண்டலையும் நிறுத்திவிட்டார். காலையில் அவள் போனை எடுத்தால் எழுந்து வெளியே போனார். அந்தக் கிண்டலே தேவலை என்றிருந்தது ரத்னாபாய்க்கு.

ஈஸ்டர் கழிந்த சனிக்கிழமை, தம்பானூரில் பொன்முடி பஸ் ஏறினாள். அந்த வண்டியை விட்டால் பிறகு எப்போதோதான் அடுத்தது. விதுரா தாண்டி, கல்லாறு தாண்டி, மலை ஏறியது. வளைவுக்கு வளைவு, சொல்லவேண்டியதை வாய்க்குள் கட்டிப் பார்த்தாள். உலகம்மா, எனக்கு அன்னைக்கே தெரியும். அவ்வளவுதான் வாக்கியம். எளிதாகத்தான் இருந்தது.

எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் பாதை பிரியும் இடத்தில், தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கடை. உள்ளே உலகம்மாள் பழம்பொரி வாரிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"யாத்தே, யக்காவா! இந்தக் குளுருக்குள்ள எதுக்கு வந்திய? ஒரு சொட்டர்கூட இல்லாம. உக்காருங்க, உக்காருங்க."

"ஒன்னைப் பாத்துட்டுப் போலாம்னு."

"என்னத்தப் பாக்க? இங்கன அட்டையும் பனியுந்தான் இருக்கு. மொதல்ல சாப்பிடுங்க."

இலை போட்டாள். சோறு, புளிக்குழம்பு, அப்பளம். தேயிலை கிள்ளுகிற பெண்கள் நாலைந்து பேர் சாயாவுக்கு வந்து நின்றார்கள். உலகம்மாள் அவர்களிடம் ரத்னாபாயைக் காட்டினாள்.

"நான் சொல்லுவேம்லா, பேப்பர் படிக்க யக்கா. இவியதான். எம் பேர அவ்வளவு பேரும் நாறடிச்சப்பம் இவிய ஒருத்திதான் குரூப்புல தப்புன்னு சொன்னது. பாசஞ்சர் லேட்டுன்னு சொன்ன அன்னைக்கு. நான் கேட்டேம்லா! மத்த எந்த நாயும் அத மதிக்கல."

"நல்ல மனசு," என்றாள் ஒருத்தி.

"பேப்பர்க்காரன்தான் தப்பு. படிச்சவன் இப்படிப் போட்டா படிக்காத நாம என்ன செய்ய? இவியளும் பாவம், அவன் போட்டதத்தான வாசிப்பாவ. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டா யக்கா?"

"போதும் பிள்ளே."

"அட, ஊத்திக்கிடுங்க. பயப்படாதீய, இன்னைக்கு வெச்சதுதான்," என்று உலகம்மாள் சிரித்தாள். பெண்களும் சிரித்தார்கள்.

ரத்னாபாய் இலையை வழித்துச் சாப்பிட்டாள். வாய்க்குள் கட்டி வைத்த வாக்கியம் ஒவ்வொரு கவளத்தோடும் இறங்கி வயிற்றுக்குப் போனது. பஸ் வரும் சத்தம் கேட்டபோது எழுந்தாள். உலகம்மாள் ஒரு பொட்டலம் தேயிலைத்தூளைப் பைக்குள் திணித்தாள். "அண்ணாச்சிக்குக் குடுங்க," என்றாள்.

இறக்கத்தில் வளைவுகள் வயிற்றைப் புரட்டின. பக்கத்துச் சீட்டுக்காரி வாந்தியெடுக்கப் பிளாஸ்டிக் பை ஒன்றை நீட்டி, "சர்திச்சோ சேச்சி, குழப்பமில்லா," என்றாள். ரத்னாபாய் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டி மறுத்தாள். அது உலகம்மாள் போட்ட சோறு. அதை வெளியே எடுத்தால், அந்தச் சோற்றைப் பற்றித் தான் இன்னொரு பொய்யும் சொன்னதுபோல் ஆகிவிடும் என்று பட்டது. நெடுமங்காடு வரும்வரை வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் தேயிலைத்தூளைக் கண்டதும் அருமைநாயகம், "சொன்னியா?" என்றார். இல்லையென்று அவள் தலையை ஆட்டினாள். அவர் பொட்டலத்தை மேசைமேல் அப்படியே வைத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. ஆறரைக்கு அவள் போனை எடுத்தாள். அன்று அருமைநாயகம் எழுந்து போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் காலை வணக்கம், ரத்னாபாய் பேசுறேன். இன்னைக்கு வேற நியூஸ் இல்லே. உலகம்மாள் மெஸ்ஸுல கெட்டுப்போன சாப்பாடு ஒண்ணும் பிடிக்கல்லே. அவ பேரு தப்பா வந்தது. பேப்பர்க்காரங்க அன்னைக்கு ராத்திரியே அதைத் திருத்தியாச்சு. நான் திருத்தத்தைப் பாக்காம வாசிச்சேன். பாத்துச் சாப்பிடுங்கன்னு சொன்னது பேப்பர் இல்லே, நான். அன்னைக்கு மத்தியானமே எனக்குத் தப்புன்னு தெரியும். நீங்க சிரிப்பீங்கன்னு சொல்லாம இருந்துட்டேன். அஞ்சு நாள் கழிச்சுச் சொன்னேன், அதையும் உங்க காதுல விழாத மாதிரித்தான் சொன்னேன். உலகம்மா, நேத்து உங்கிட்ட நேர்ல சொல்லத்தான் வந்தேன். சொல்லல்லே. இப்ப சொல்றேன். என்னை மன்னிச்சுக்கோ பிள்ளே."

அனுப்பிவிட்டுச் சபைக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தபோது ஏறக்குறைய எல்லாரும் கேட்டிருந்தார்கள், யாரும் ஒன்றும் எழுதவில்லை. சிரிப்புப் பொம்மை ஒன்றுகூட இல்லை. அதற்குத்தானே இத்தனை நாள் பயந்தது! சாயங்காலம் யாரோ, "இனி நீங்க நியூஸ் போடாண்டாம் அக்கா," என்று எழுதினார்கள். அதற்கும் கீழே வன்னியராஜ்: "அவங்க சொன்னதைக் கேட்டு, தெனமும் தின்ன சோத்தை வேண்டாம்னது நாமதானல. கண்ணும் மூக்கும் நமக்கு இல்லாம போச்சா?" அதோடு குழு அடங்கியது.

மறுநாளிலிருந்து அவள் வாசிக்கவில்லை. போனில் ஓடை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாசிக்காத செய்திகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அவள் திறக்கவில்லை. தெருவில் அவளை யாரும் திட்டவில்லை. ஒதுங்கி வழிவிடவும் இல்லை. குழாயடியில் காலிக் குடங்களோடு பெண்கள் நிற்கும்போது அவள் நோட்டீஸைப் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்து போகப் பழகிக்கொண்டாள். ஒருநாள் முடியாமல் திரும்பி வந்து, "இன்னைக்கு வராது, நாளைக்குத்தான்," என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தாள்.

தான் அனுப்பியதை உலகம்மாள் கேட்டுவிட்டாளா என்று மட்டும் அடிக்கடி பார்த்தாள். பல நாள் இல்லை. மலையில் சிக்னல் இல்லாமல் இருக்கும். பிறகு ஒரு நாள், கேட்டவர்களின் பெயர்களில் உலகம்மாளும் இருந்தாள். ரத்னாபாய் அன்று முழுக்கப் போனைக் கையைவிட்டு இறக்கவில்லை. பதில் வரவில்லை. அந்த மாதமும் வரவில்லை, மழைக்காலம் முழுவதும் வரவில்லை. கூப்பிட்டுப் பார் என்று அருமைநாயகம் ஒருமுறை சொன்னார். கூப்பிடுவதற்கு அவளுக்குத் தைரியம் இல்லை. கேட்டுவிட்டுப் பேசாமலிருக்க உலகம்மாளுக்கு உரிமை உண்டு என்று தோன்றியது.

ஐப்பசியில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஊர் முழுக்கத் தண்ணீர் நின்ற ஒரு மத்தியானம், மண்டிக்குள் மூட்டைகளை உயரத்தில் தூக்கி அடுக்கிக்கொண்டிருக்கும்போது ரத்னாபாயின் போன் அதிர்ந்தது. குழுவில் இல்லை, அவளுக்கு மட்டும் வந்திருந்தது. உலகம்மாளின் குரல். பின்னால் தகரத்தின் மேல் மழை அடிக்கும் சத்தம்.

"யக்கா, உலகம்மா பேசுதேன். நீங்க குரூப்புல சொன்னத அப்பமே கேட்டேன். பதில் சொல்ல மனசு வரல. பேப்பர்க்காரன் தப்பாப் போட்டான், அது போட்டும். மத்தவிய சிரிப்பாவன்னு நீங்க பயந்துட்டு இருந்திய, அதயும் ஒருவழியா முழுங்கிட்டேன். இங்கன வந்து, எங் கையால வாங்கித் தின்னுக்கிட்டு, நாலு பேரு முன்ன நான் ஒங்கள நல்லவ நல்லவன்னு சொல்லச் சொல்லக் கேட்டுக்கிட்டு இருந்தியளே, அதுதான்க்கா இன்னும் தொண்டையில நிக்கி. எறங்க மாட்டேங்கு. சரி, அது கெடக்கு. இங்கன ரெண்டு நாளா மழ விடல. கீழ வளவுல மண்ணு இடிஞ்சி பஸ்ஸு வரல, அரிசி கொண்டு வார ஜீப்பும் கல்லாத்துலயே நிக்கி. ஒருத்தன் நாளைக்குத் தொறந்துருவாங்கான், ஒருத்தன் ஒரு வாரம் ஆவுங்கான். லயத்துல பிள்ளைய இருக்கு, இருக்க அரிசிய எப்படிப் பங்கு வெக்கன்னு தெரியணும். பேப்பர்ல என்ன போட்டிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. இங்கன சாயந்தரந்தான் சிக்னல் கெடைக்கும். அதுக்குள்ள சொல்லுங்க."